பூட்டுப் போட்டால் போதுமா?

கேள்வி: மெய்நிகர் கணினிகளுக்கு எஸ்இலினக்ஸ் (எந்த நிரல் எதைத் தொடலாம் என்பதை லேபிளைப் பார்த்து முடிவு செய்யும் லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பு) லேபிள் வழங்கும் பாதுகாப்பு டிரைவர் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அடிப்படை லேபிள்களும், இதுவரை வழங்கிய வகை எண்களின் (ஒரு கணினியை மற்றொன்றிலிருந்து பிரித்துவைக்க லேபிளில் சேர்க்கும் எண்கள்) பட்டியலும் குளோபல் மாறிகளில், அதாவது நிரல் முழுவதற்கும் பொதுவான மாறிகளில், இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பூட்டுப் போட்டால் போதாதா?

பதில்: இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) ஒரே நேரத்தில் எழுதுவதைப் பூட்டு தடுக்கும்; ஒரே மாறிக்கு இருவர் உரிமை கொண்டாடுவதைத் தடுக்காது. மெய்நிகர் கணினிகளுக்கான லேபிளும் கன்டெய்னர்களுக்கான (ஒரே கெர்னலைப் பகிரும் தனித்த சூழல்கள்) லேபிளும் வெவ்வேறு கோப்புகளிலிருந்து படிக்கப்படுபவை என்பதால், இரண்டுக்கும் ஒரே செயல்முறையில் டிரைவர் தொடங்கப்பட்டால், பிந்தித் தொடங்கியது முந்தையதன் லேபிளை அழித்து எழுதிவிடும்; பூட்டு இருந்தால் அந்தப் பிழை ஒழுங்காக வரிசையில் நின்று நடக்கும், அவ்வளவுதான். எனவே லேபிள்களை ஒரு ஸ்ட்ரக்டில் (பல மாறிகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) வைத்து, டிரைவரைத் திறக்கும்போது அதற்கு நினைவகம் ஒதுக்கி, மூடும்போது விடுவியுங்கள். முதலில் குளோபல் அறிவிப்பை நீக்கிவிட்டால், அது பயன்பட்ட இடங்களையெல்லாம் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். மூன்று லேபிள்களில் இரண்டைப் படித்தபின் மூன்றாவதில் தோல்வி ஏற்பட்டால், முதல் இரண்டையும் விடுவிக்க மறக்க வேண்டாம்; இத்தகைய கசிவை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

எண் பட்டியலில்தான் நிதானம் தேவை. 0 முதல் 1023 வரையுள்ள வகைகளிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறான இரண்டு எண்கள் தரப்படுகின்றன; மொத்தம் 5,23,776 இணைகள். பட்டியலை இன்ஸ்டன்ஸ்தோறும், அதாவது திறக்கப்படும் ஒவ்வொரு டிரைவருக்கும் தனியாக, பிரித்தால், ஒரே விதமான லேபிள் வழங்கும் இரண்டு இன்ஸ்டன்ஸ்கள் ஒரே இணையை இரண்டு கணினிகளுக்குத் தந்துவிடக்கூடும்; அப்போது ஒன்றின் வட்டுக் கோப்பை மற்றொன்று திறப்பதை எஸ்இலினக்ஸ் தடுக்காது. அந்தப் பட்டியல் இயந்திரத்துக்கு உரியது. அதைப் பொதுவிலேயே வைத்து, பூட்டையும் அங்கேயே போடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் கெர்னலிலும் இம்மாற்றம் நடந்ததா?

பதில்: நடந்தது, ஆனால் பாதி வழி திரும்பியது. எஸ்இலினக்ஸின் குளோபல் நிலை 2018இல் ஒரே ஸ்ட்ரக்டில் சேர்க்கப்பட்டு, அதன் பாயின்ட்டர் (நினைவக முகவரி) ஃபங்க்‌ஷன்தோறும் அனுப்பப்பட்டது. எஸ்இலினக்ஸுக்கு நேம்ஸ்பேஸ் வசதி (ஒரே கெர்னலில் ஒன்றுக்கு மேற்பட்ட தனித்த எஸ்இலினக்ஸ் நிலைகள்) வரும் என்ற எதிர்பார்ப்பில் செய்த ஏற்பாடு அது. வசதி வராததால், வெறும் சுமை என்று கருதி, 2023இல் பாயின்ட்டர் அனுப்புவதை நிறுத்திவிட்டனர். ஸ்ட்ரக்ட் மட்டும் குளோபலாகவே தங்கிவிட்டது.