வாடகையும் தரவில்லை, வீட்டையும் விடவில்லை: எல்லீஸ் நகர் அண்ணனுக்கு

அண்ணே, அம்மா பேரில் இருக்கும் மாடி வீட்டில் ஐந்து மாதமாக வாடகை வரவில்லை, கரண்டைப் பிடுங்கிப் பூட்டுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதை தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் புகார் உங்கள் மேல் வரும்.

முதலில் நோட்டீஸ். அம்மா கையெழுத்தோடு, அல்லது அவர் சார்பில் வக்கீல் மூலமாக, எந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்று தெளிவாக எழுதி ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கையில் இருக்கும் அட்வான்ஸ் தொகையையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள், பின்னால் பேச்சு மாறாது. இரண்டு மாத பாக்கி இருந்தாலே இப்படி நோட்டீஸ் கொடுத்துக் கேட்கலாம். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்ய மனு போடலாம். அதற்குள் கட்டிவிட்டால் இந்தக் காரணத்துக்காக இப்போது வெளியேற்ற முடியாது. ஆனால் ஒருமுறை இப்படித் தப்பியவர் அதன்பிறகு ஏதாவது ஒரு வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால், அந்தச் சலுகை மறுபடி கிடையாது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் வாடகை ஆணையத்தில் பதிவானதா என்று நீங்கள் சொல்லவில்லை. மனு போடும் முன் வக்கீலிடம் அதைக் காட்டுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அம்மாவை மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். வீட்டுவரி ரசீது, ஒப்பந்தம், வாடகை வந்த பேங்க் பாஸ்புக் எல்லாம் கையில் இருக்கட்டும்.