மெல்லிய வெப்பக் காப்புப் பொருட்களை எப்படி ஒப்பிடுவது?

சுவரில் தடிமனான காப்புக்கு இடமில்லாதபோது எந்த மெல்லிய பொருள் நன்றாக வெப்பத்தைத் தடுக்கும் என்ற கேள்விக்கு, இரண்டு எண்களே விடை தரும். பொருளின் தடிமனை மீட்டரில் எடுத்து, அதன் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பது வெப்பத் தடை. அது எவ்வளவு அதிகமோ, வெப்பம் அவ்வளவு மெதுவாகக் கடக்கும்.

தெர்மாகோலின் கடத்துதிறன் (வாட்/மீட்டர்·கெல்வின் அலகில்) ஏறத்தாழ 0.035, பாலியூரித்தேன் நுரைக்கு 0.025, ஏரோஜெல் (நுண்துளைகள் நிறைந்த மிக லேசான திடப்பொருள்) விரிப்புக்கு 0.015. ஆகவே 10 மில்லிமீட்டர் ஏரோஜெல், சுமார் 23 மில்லிமீட்டர் தெர்மாகோலுக்குச் சமம். நல்ல முன்னேற்றம்தான், மாயம் அல்ல.

இவை அனைத்திலும் உண்மையில் காப்பது உள்ளே சிறைப்பட்ட வாயுதான். ஏரோஜெல்லின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால், காற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி வெப்பத்தைக் கைமாற்றுவதற்கு முன்பே துளைச் சுவரில் முட்டிவிடுகின்றன, எனவே அது அசையாத காற்றைவிடவும் (0.025) குறைவாகவே கடத்துகிறது. வெற்றிடப் பலகை இன்னும் ஒரு படி மேலே போய், காற்றையே பெருமளவு வெளியேற்றிவிடுகிறது. காபியைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்க்கின் இரட்டைச் சுவர் செய்வதும் இதைத்தான். வெற்றிடப் பலகையின் கடத்துதிறன் 0.008-க்கும் கீழே இறங்கக்கூடும். ஆனால் அதை வெட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது, ஓட்டை விழுந்தால் அந்தச் சிறப்பின் பெரும்பகுதி போய்விடும்.

பளபளக்கும் அலுமினியத் தாளைச் சுவரோடு ஒட்டினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கதிர்வீச்சு வெப்பத்தை மட்டுமே தடுப்பதால், பளபளப்பான பக்கத்தில் காற்று இடைவெளி இல்லாவிட்டால் ஏறக்குறைய எந்தப் பயனும் தராது.