பைக் டேங்கில் நீங்களே அடித்த பெயின்ட் மூடியைச் சுற்றி மட்டும் குமிழ் விடுகிறதா?

மேலே இன்னொரு கோட் அடித்தால் நிற்காது. பெட்ரோல் சிந்தும் இடத்தில் மட்டும் பிசுபிசுத்துக் குமிழ் விடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கலருக்கு மேல் கடைசியாக அடித்த கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு)தான் பெட்ரோல் தாங்காத வகை. சாதா ஸ்ப்ரே டப்பா கிளியர் பெரும்பாலும் 1கே, அதாவது ஹார்டனர் (பூச்சை இறுக்கும் திரவம்) கலக்காத வகை. நன்றாகக் காய்ந்த பிறகும் பெட்ரோல் பட்டால் இளகும். டேங்குக்கு ஹார்டனர் கலக்கும் 2கே கிளியர்தான் சரி.

சந்தேகமிருந்தால், சீட்டுக்கு அடியில் மறையும் பகுதியில் என்சி தின்னர் (பெயின்ட் கரைக்கும் திரவம்) தொட்ட வெள்ளைத் துணியால் லேசாகத் தேயுங்கள். நிறம் துணியில் ஏறினால் 1கேதான்.

1. பெட்ரோலை முழுக்க வடித்து, டேங்கைக் கழற்றி, வாயை அடைத்துவிடுங்கள். ஆவி மிச்சமிருக்கும், பக்கத்தில் நெருப்பே கூடாது.
2. இளகிய பகுதியைத் தகரம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர், கலர் அடியுங்கள். மற்ற இடத்தைச் சொரசொரப்பாக்கினால் போதும்.
3. கடைசியாக டேங்க் முழுக்க 2கே. ஹார்டனர் அளவு டப்பாவில் இருக்கும், கண்ணளவு வேண்டாம். ஒரு வாரம் கழித்தே பெட்ரோல் ஊற்றுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. தகுந்த மாஸ்க் இல்லையென்றால், தயவுசெய்து கிளியரை மட்டும் பட்டறையில் அடிக்கக் கொடுங்கள். செலவு அவ்வளவு ஏறாது.

அப்புறம், மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் பெட்ரோல் கசிந்துகொண்டேதான் இருக்கும்.