சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்குப் படத்தில் இருப்பது மியோம்போவா, மொபானேவா?

அது மொபானே காடு, அதாவது மொபானே மரம் நிறைந்த காடு; மியோம்போ என்பது ஆப்பிரிக்காவின் இன்னொரு வகைக் காடு. செந்தளிர் தெரிகிறது என்பதற்காக மட்டும் மியோம்போ என்று எழுத வேண்டாம். மொபானேயின் இளந்தளிரும் செம்மை கலந்தே வரும்; உங்கள் குழப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

படத்தைப் பெரிதாக்கி ஓர் இலைக்காம்பின் நுனியைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் இரண்டே சிற்றிலைகள் இருந்தால் அது மொபானே. மியோம்போவின் முதன்மை மரமான பிராக்கிஸ்டெகியாவில் ஒரே காம்பில் இணை இணையாகப் பல சிற்றிலைகள் இருக்கும். நம் மந்தாரை இலையும் இரண்டாகப் பிளந்தது போலத் தோன்றும், ஆனால் அது அடியில் ஒட்டிய ஒற்றை இலை. மொபானேயில் இரண்டும் தனித்தனி, கடும் வெயிலில் அவை மடிந்துகொள்வதால் மரத்தடி நிழல் மெலிந்துவிடும்.

இடமும் பொருந்துகிறது: சாம்பசி ஆற்றின் வடிநிலத்தில் லுவாங்வா போன்ற வெப்பம் மிகுந்த தாழ்ந்த பள்ளத்தாக்குகளின் களிமண்ணில் மொபானே நிற்கும், சத்துக் குறைந்த பீடபூமி மண்ணில் மியோம்போ வளரும்.

மேற்கே கலஹாரி மணற்பரப்பில் எடுத்த படங்களுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது, ஏனெனில் அங்குள்ள கிபோர்ட்டியா கோலியோஸ்பெர்மா மரத்துக்கும் இரண்டே சிற்றிலைகள்தாம். அங்கே விதையைப் பாருங்கள்: கிபோர்ட்டியாவின் விதையைப் பளிச்சென்ற சிவப்பு உறை மூடியிருக்கும், மொபானே விதை தட்டையாக, பிசுபிசுவென்று பிசினுடன் இருக்கும்.