பம்பரில் நம்பர் பிளேட் ஓட்டை: பட்டி வைக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருந்து வட கரோலினாவுக்குக் குடிவந்திருக்கிறோம். இங்கே முன்பக்க நம்பர் பிளேட் தேவையில்லை என்பதால் கழற்றிவிட்டேன். வண்டி 2019 டொயோட்டா ராவ்4, மேக்னெடிக் கிரே நிறம். ஸ்க்ரூ இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் பளிச்சென்று தெரிகின்றன. நானே பட்டி வைத்து அடைத்து, டச்சப் பேனாவால் பூசிவிடலாமா?

பதில்: தயவுசெய்து பட்டி வைக்காதீர்கள். சாதாரணப் பட்டி தகரத்துக்கு ஆனது, காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். உங்கள் பம்பரோ பிளாஸ்டிக். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், பார்க்கிங்கில் லேசாக இடித்தால் உள்ளே போய்த் திரும்பி வரும். பட்டி அதோடு சேர்ந்து அசையாது. கொஞ்ச நாளில் ஓட்டையைச் சுற்றி வட்டமாக விரிசல் விழும், அப்புறம் அப்படியே பெயர்ந்து வரும்.

உங்களுக்கு நான் சொல்வது பிளக். பம்பரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த சிறு பிளாஸ்டிக் மூடிகள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்கும்போது நிறத்தின் பெயரை நம்பாமல் நிறக் குறியீட்டைக் கொடுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் லேபிளில் சி/டிஆர் என்ற எழுத்துகளை அடுத்து இருக்கும். மேக்னெடிக் கிரே என்றால் 1ஜி3. ஓட்டையை வெர்னியரால் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூ ஏறிய இடத்தில் விளிம்பு பிசிறாக மேலெழும்பியிருக்கும், அதைக் கூரான பிளேடால் சீவினால்தான் பிளக் ஒட்டி உட்காரும். நாளைக்கே மறுபடி டெக்சாஸ் போக நேர்ந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேட்டை மாட்டிக்கொள்ளலாம். லீஸ் வண்டியாக இருந்தால் இதைத் தாண்டி எதுவுமே செய்யக் கூடாது.

இல்லை, தடமே தெரியக் கூடாது என்றால் அடைப்பதற்கு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பருக்கென்றே வரும், வளைந்துகொடுக்கும் இரண்டு பாக எபாக்ஸி வாங்குங்கள். ஓட்டையின் முன்விளிம்பைப் புனல் போலச் சரித்து, பின்பக்கம் வலைத் துண்டு வைத்து எபாக்ஸியைப் பூசுங்கள், பிடிமானம் அங்கேதான் கிடைக்கிறது. பிறகு முன்பக்கம் நிரப்ப வேண்டும். பாலிபுரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக்கில் எதுவும் லேசில் ஒட்டாது. எனவே சோப்பு போட்டுக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டும் தன்மையைக் கூட்டும் அட்ஹீஷன் புரமோட்டர் அடித்த பிறகே எபாக்ஸி. காய்ந்ததும் 180, 320 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, 600-இல் முடியுங்கள்.

இதுவரை பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். சிரமம் நிறத்தில்தான். மெட்டாலிக் பெயிண்டில் மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள் இருக்கின்றன. ஸ்ப்ரே செய்யும்போது அவை ஒரே சீராகப் படிந்து ஒளியைத் திருப்பும். பேனாவால் பூசினால் தாறுமாறாகப் படியும். நிறக் குறியீடு சரியாகவே இருந்தாலும், தொட்ட இடம் கருத்த புள்ளியாக நிற்கும். தட்டையான வெள்ளை, கறுப்பு என்றால் பேனாவே போதும் என்றிருப்பேன். உங்கள் கிரேக்கு அது சரிப்படாது.

அதனால் ஸ்ப்ரேதான். முதலில் ஓர் அட்டையில் அடித்துக் காயவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் பிடித்து வெயிலில் நேராகவும் சாய்வாகவும் பாருங்கள். பழைய பெயிண்ட் வெயிலில் கொஞ்சம் மாறியிருக்கும், ஒரே குறியீட்டிலும் கம்பெனிக்குள்ளேயே சாயல் வேறுபடுவதுண்டு. நிறம் தரும் பேஸ் கோட்டை மெல்லிய பூச்சுகளாக, வெளியே போகப் போக மங்கும்படி அடியுங்கள். அதன் மேல் வரும் நிறமற்ற கிளியர் கோட்டை நடுவில் நிறுத்தாமல் அடுத்த விளிம்பு வரை கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் நின்ற இடம் வளையமாகத் தெரியும். கிரில்லில் டொயோட்டா சின்னத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது, அதன் மேல் பெயிண்ட் துளி படாமல் மூடிவையுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: இறுகுவதற்காக ஹார்ட்னர் கலக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. சரியான ரெஸ்பிரேட்டரும் காற்றோட்டமும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை பாடி ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

பிளக்கே போதும் என்று முடிவு செய்தால் ஒரு எச்சரிக்கை. அது தளர்வாக இருக்கிறதென்று சிலிக்கான் வைத்து ஒட்டாதீர்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னாளில் பெயிண்ட் அடித்தால் நிற்காமல் விலகி, சின்னச் சின்னக் குழிகளாக விழும். ஓர் அளவு பெரிய பிளக்காக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.