ரெய்டு 1 போட்ட நாஸ் பெட்டிக்குத் தனியாக பேக்கப் வேண்டுமா? வேண்டும் என்றால் எப்படி எடுப்பது?

நீங்கள் சொன்ன விவரப்படி, உங்களிடம் இருப்பது சைனாலஜி நிறுவனத்தின் இரண்டு டிஸ்க் போடும் நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி. 4 டெராபைட் டிஸ்க் இரண்டு, ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டு டிஸ்கிலும் எழுதும் முறை). உள்ளே குடும்பப் போட்டோக்கள், அலுவலகக் கோப்புகள், நிறைய சினிமா என்று சுமார் 3 டெராபைட். "இரண்டு டிஸ்கிலும் ஒன்றேதானே இருக்கிறது, அப்புறம் எதற்கு பேக்கப்?" என்று கேட்கிறீர்கள்.

கட்டாயம் வேண்டும். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது கைகொடுக்கும், ரெய்டு 1 செய்வது அவ்வளவுதான். நீங்களே தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் போய்விடும். திருட்டு, மின்னல், பெட்டியின் பவர் சப்ளை எரிவது எதற்கும் ரெய்டு பொறுப்பேற்காது.

இணையம் வழியாக வரும் ஆபத்து இன்னொன்று. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரான்சம்வேர் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் புகுந்து, கோப்புகளை 7-ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் சுருட்டிப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு 0.01 பிட்காயின் கேட்டது. அது நுழைந்த ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? அந்த நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளிலேயே! அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க் பெட்டி வைத்திருந்த பலர், யாரோ வெளியிலிருந்து ரீசெட் செய்ததில் எல்லாம் காலியாகிக் கிடந்ததைப் பார்த்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கு 2015-க்குப் பிறகு அப்டேட்டே வரவில்லை.

அதனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நாஸின் அட்மின் பாஸ்வேர்டு ஒருவன் கையில் சிக்கினால், அதை வைத்து பேக்கப்பையும் அழிக்க முடியுமா? முடியும் என்றால் அதை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. எப்போதும் செருகியே கிடக்கும் யுஎஸ்பி டிஸ்க் இதில் தோற்றுவிடும். ஸ்னாப்ஷாட்டும் (கோப்புகள் ஒரு நேரத்தில் இருந்த நிலையை நாஸே பதிவு செய்து வைப்பது) அப்படித்தான். தவறி அழித்ததை மீட்க அது அருமையான வசதி, கட்டாயம் போட்டு வையுங்கள். ஆனால் அது இருப்பதும் அதே டிஸ்கில்தான்.

என் வீட்டில் இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒன்றில் சைனாலஜியின் பேக்கப் மென்பொருளான ஹைப்பர் பேக்கப் ஓடி முடிந்ததும் எஜெக்ட் செய்து கழற்றி, அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருவேன். மாதம் ஒருமுறை போதும். உங்கள் 3 டெராபைட்டுக்கு, நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால், முதல் முறை எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும், இரவில் ஓட விட்டுவிடுங்கள். அடுத்த முறையிலிருந்து மாறியவை மட்டும்தான் போகும்.

ஹைப்பர் பேக்கப்பில் பல வெர்ஷன்களை வைத்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிங்க் (இருப்பதை அப்படியே ஒரே பிரதியாக வைத்திருப்பது) போட்டால், இன்று கெட்டுப்போன கோப்பு நாளை நல்ல பிரதியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. வெர்ஷன் முறையில் எடுத்த பேக்கப்பை சாதாரண ஃபோல்டர் போலத் திறக்க முடியாது. கணினியில் பார்க்க ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் என்ற தனி மென்பொருள் வேண்டும். எனக்குப் பிறகு வீட்டில் யார் அதைத் திறப்பார்கள் என்ற யோசனையில், போட்டோக்களை மட்டும் தனியாக எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் அப்படியே காப்பி செய்து வைத்திருக்கிறேன். எந்த லேப்டாப்பில் செருகினாலும் தெரியும்.

கிளவுடுக்கு முழு 3 டெராபைட்டையும் அனுப்ப வேண்டாம். 50 எம்பிபிஎஸ் அப்லோடு இடைவிடாமல் கிடைத்தாலும் ஐந்தரை நாள் பிடிக்கும். சினிமாவை விடுங்கள், தொலைந்தால் திரும்பத் தேடிக்கொள்ளலாம். போட்டோவும் கோப்புகளும் 600 ஜிபி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கிளவுட் நிறுவனமான பேக்பிளேஸின் தனிநபர் பேக்கப் திட்டம் நாஸை எடுத்துக்கொள்ளாது, அவர்களின் பி2 என்ற சேமிப்புச் சேவைதான் வேண்டும். என்கிரிப்ஷன் போட்டே அனுப்புங்கள். ஆனால் அந்த பாஸ்வேர்டையும் சாவிக் கோப்பையும் நாஸுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்! பெட்டி போனால் கிளவுடில் இருப்பதைத் திறக்க வழியே இருக்காது. நான் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.

பேக்கப் "சக்ஸஸ்" என்று மெயில் வருவதை மட்டும் நம்ப வேண்டாம். அவ்வப்போது ஏதாவது ஒரு பழைய ஃபோல்டரை வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து, நாலு போட்டோவையும் ஒரு எக்செல் கோப்பையும் திறந்து பாருங்கள்.

இப்போதைக்கு ஒரு டிஸ்க்தான் வாங்க முடியும் என்றால் 4 டெராபைட்டில் வேண்டாம், 6 வாங்குங்கள், பழைய வெர்ஷன்களுக்கும் இடம் வேண்டும். பேக்கப் முடிந்ததும் கழற்றி, நாஸ் இருக்கும் அறையில் இல்லாமல் வேறு எங்காவது வையுங்கள். இரண்டாவது டிஸ்கை அடுத்த போனஸுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.