மெல்லிய வளையம் புயலைக் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: புயலில் இலை உதிர்ந்து மொட்டையாக நின்ற மரத்தில் அந்த ஆண்டு வளையம் மெல்லியதாக விழும் என்று படித்தேன். அப்படியென்றால் ஒரு மரத்தைப் பார்த்தே பழைய புயல்களுக்கு ஆண்டு சொல்லிவிடலாமா? விழுந்த மரம் பிழைக்குமா என்பதையும் சொல்லுங்கள். - ஒரு வாசகி

பதில்: ஒரே ஒரு மரத்தை நம்பிச் சொல்லவே கூடாதம்மா. பல வருடங்களாக மர வளையங்களை எண்ணுவதுதான் என் வேலை. அதற்காக மரத்தை அறுப்பதில்லை. கையால் திருகும் துளைப்பானைப் பட்டையிலிருந்து நடுத்தண்டு வரை இறக்கினால், பென்சிலைவிட ஒல்லியாக ஒரு குச்சி வரும். அதை ஒரு கட்டையில் ஒட்டி உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, வளையங்கள் கோடு கோடாகத் தெளியும்.

ஒரே காட்டில் இருபதடி தள்ளி நின்ற இரண்டு மரங்களின் குச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் புயலுக்கு அடுத்த மூன்று வளையங்கள் நூல் போல இருந்தன. லென்ஸ் இல்லாமல் பிரித்தெண்ண முடியவில்லை. மற்றதில் அதே மூன்று வளையங்கள் முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு அகலம். முதல் மரம் இலையை இழந்தது. சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் புதுத் தளிருக்கே போய்விட்டால் தண்டு பருக்க மிச்சம் ஏது? இரண்டாவது மரத்துக்கோ, மேலே கவிந்திருந்த பெரிய மரம் சாய்ந்ததும் வெயில் நேராகக் கிடைத்தது.

அப்புறம், சாய்ந்து பிழைத்த மரங்கள். அவற்றைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். நிமிர்வதற்காக ஒரு பக்கம் மட்டும் கட்டையைக் கூட்டிக்கொண்டே போகும். பைன் போன்ற ஊசியிலை மரமென்றால் சாய்வின் அடிப்பக்கம். அகன்ற இலை மரமென்றால் பெரும்பாலும் மேல்பக்கம். எந்தப் பக்கம் துளைத்தோம் என்று குறிக்க மறந்தால் கணக்கே போச்சு.

வறட்சியும் பூச்சியும்கூட வளையத்தை ஒல்லியாக்கும். அதனால் பல மரங்கள் வேண்டும், வேறு சாட்சியும் வேண்டும். மர வளைய ஆய்வாளர் வலேரி ட்ரூவே குழுவின் 2016 ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். கரீபியன் கடலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களின் பட்டியல் 1825-உடன் முடிகிறது. முறையான புயல் பதிவோ 1851-இல்தான் தொடங்குகிறது. ஃப்ளோரிடா கீஸ் தீவுப் பைன் மரங்களின் வளையங்கள் 1707-இலிருந்து 2010 வரை தொடர்ந்து கிடைத்ததால் இரண்டுக்கும் பாலமாயின. வளர்ச்சி குன்றிய ஆண்டுகள் கப்பல் பட்டியலோடும் புயல் பதிவோடும் ஒத்துப்போன பிறகுதான் கப்பல் பட்டியலை வைத்துப் புயல் கணக்குப் போட்டார்கள். சூரியன் மந்தமாக இருந்த 1645-1715 காலத்தில் சூறாவளிகள் நான்கில் மூன்று பங்கு குறைந்திருந்தது அப்படித்தான் தெரியவந்தது.

சரி, விழுந்த மரம். அமெரிக்காவின் வடகிழக்கைத் தாக்கிய 1938 சூறாவளி செய்ததைத் திரும்பச் செய்துபார்க்க, 1990-இல் அங்குள்ள ஹார்வர்டு ஆராய்ச்சிக் காட்டில் வின்ச் என்ற இழுவைப் பொறியைக் கட்டி மரங்களை இழுத்துச் சாய்த்தார்கள். சாய்ந்தவற்றில் பெரும்பாலானவை அடுத்த கோடையில் இலை விட்டன. பல பிற்பாடு செத்தன; ஆனால் அதுவரை தரைக்கு நிழல் தந்தன. ஆகவே, யார் மேலும் விழும் ஆபத்து இல்லை, வேரில் பாதியாவது மண்ணில் இருக்கிறது என்றால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அடுத்த தளிர்க்காலம் வரை விட்டுவையுங்கள்.